பதினான்கு என்று முடிவானது

என்ஸ்கெடே நகரத்தின் ஓரத்தில், முன்பு பஞ்சாலை இருந்த இடத்தில், கிழக்குப் பிராந்தியச் சவ்வு ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே எதையும் யாரும் தனியாக முடிவு செய்ததில்லை. காப்பி இயந்திரத்தை வடக்குச் சுவரோரம் வைப்பதா, தெற்குச் சுவரோரம் வைப்பதா என்று ஒரு பணிக்குழு கூடிப் பேசி, கடைசியில் இரண்டு சுவருக்கும் நடுவே, ஆட்கள் நடக்கிற வழியில் வைத்தது. அதில் இடித்துக்கொள்ளாமல் ஆய்வகத்துக்குள் போனவர்கள் குறைவு. இடித்துக்கொண்டவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த முடிவுக்கு அவர்களும் கை தூக்கியிருந்தார்கள்.

நிலையத்தின் இயக்குநர் டீடெரிக் ஊஸ்டர்லோ உயரமானவர். பேசும்போது இரண்டு கைகளையும் விரித்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய பூசணிக்காயைத் தாங்குவது போல நிற்பார். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் அவர்களுக்கு ஒரு வரவேற்புரை உண்டு.

"நம்ம நாட்டுல கால்வாசி கடலுக்குக் கீழ இருக்கு. கடல் உள்ள வந்தப்போ நம்ம முன்னோர் யார் சொல்றது சரின்னு அடிச்சிக்கிட்டாங்களா? இல்ல. உக்காந்து பேசுனாங்க. எல்லாரும் ஒத்துக்கற வரைக்கும் பேசுனாங்க. தண்ணி போயிடுச்சு."

என்ஸ்கெடேயிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். அந்த ஊர் முன்னோர் யாரும் கடலை விரட்டியதில்லை, துணிதான் நெய்தார்கள். இருந்தாலும் உரையைக் கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். இன்னொரு வழக்கமும் இருந்தது. நிலையத்தில் எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றுதான் அழைக்க வேண்டும், இயக்குநர் உட்பட. டீடெரிக்கை யார் வேண்டுமானாலும் தோளில் தட்டி 'என்னப்பா' என்று கேட்கலாம். அவர் சொன்னதை மறுக்க வேண்டுமானால் மட்டும் முன்கூட்டியே தேதி வாங்கவேண்டும்.

லுபர்ட் வோல்டரிங்க் அங்கே ஒரே ஒரு வேலையைத்தான் பல ஆண்டுகளாகச் செய்துவந்தான். பீங்கான் துண்டுகளைச் சின்ன உலைக்குள் வைத்துச் சூடாக்கி, அவை எவ்வளவு நீளுகின்றன என்று அளப்பான். வீட்டில் அவன் மனைவி ஹெர்மீன் யாராவது கேட்டால், "என் வீட்டுக்காரர் பீங்கானுக்குக் காய்ச்சல் பாக்குறவர்" என்பாள்.

அவன் அளந்த பீங்கான் சாதாரணமானதல்ல. பெரோவ்ஸ்கைட் வகை. பார்க்கக் கறுத்த குழாய், தட்டினால் பூந்தொட்டி போல ஒலிக்கும். ஆனால் அதன் படிகத்துக்குள் ஆக்ஸிஜன் உட்காரும் இடங்களில் சில எப்போதும் காலியாக இருக்கும். எண்ணூறு, தொள்ளாயிரம் டிகிரிக்குச் சூடாக்கினால் ஆக்ஸிஜன் ஒரு காலியிடத்திலிருந்து அடுத்த காலியிடத்துக்குத் தாவித் தாவி மறுபக்கம் போய்விடும். வேறு எந்த வாயுவும் போக முடியாது, அதனால்தான் அதைச் சவ்வு என்பார்கள். இந்தப் பக்கம் வெறும் காற்று, அந்தப் பக்கம் சுத்தமான ஆக்ஸிஜன். கண்ணாடி ஆலைக்கும் உருக்காலைக்கும் இதைவிட நல்ல செய்தி கிடையாது.

ஒரே ஒரு சங்கடம். சூடு ஏறும்போது படிகத்திலிருந்து கொஞ்சம் ஆக்ஸிஜன் கழன்று வெளியே போய்விடும். ஆள் குறைந்தால் வீடு சுருங்கும் என்றுதானே நினைப்போம்? இந்த வீடு பெரிதாகும். சூட்டினால் நீளுவது போதாதென்று, இதனாலும் நீளும். லுபர்ட் மறுபடி மறுபடி அளந்து பார்த்தான். ஒரு மீட்டர் நீளப் பொருள் ஒரு டிகிரி சூட்டுக்கு ஒரு மீட்டரின் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு நீளும் என்பதுதான் கணக்கு. அவனுக்குக் கிடைத்தது இருபது. குழாயைத் தாங்கும் எஃகுச் சட்டத்துக்கு அதே கணக்கு பன்னிரண்டு.

கூட்டாளி ஆய்வகம் ஒன்று நாட்டின் மேற்கே இருந்தது. அவர்களும் அளந்தார்கள். பதின்மூன்று என்றார்கள். நானூறு டிகிரியோடு உலையை அணைத்துவிட்டதால் ஆக்ஸிஜன் கழல ஆரம்பிக்கும் கட்டத்தையே அவர்கள் பார்க்கவில்லை. லுபர்ட் இதை ஒரே வாக்கியத்தில் சொன்னான். டீடெரிக் பூசணிக்காயைத் தாங்கிக்கொண்டு கேட்டார்.

"அருமை. ரெண்டு பார்வை இருக்கு. அப்போ ஒரு கூட்டம் போட்டுடலாம்."

கூட்டத்தை நடத்த ஃப்ளூர் என்ற பெண்ணை அமர்த்தினார்கள். அவள் மென்மையாகப் பேசுவாள், காலில் கம்பளிக் காலுறை மட்டும் போட்டிருப்பாள். மற்றவர்களையும் செருப்பைக் கழற்றச் சொன்னாள். எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, "இன்னிக்கு நீ எந்தத் தனிமம்னு சொல்லு, அதுல ஆரம்பிக்கலாம்" என்றாள்.

நிதிப் பிரிவுத் தலைவர் தங்கம் என்றார். மக்கள் தொடர்பு அதிகாரி ஹீலியம் என்றாள். லுபர்ட்டின் முறை வந்ததும் அவன் கொஞ்சம் யோசித்து, "கோபால்ட்" என்றான்.

"ஏன் கோபால்ட்?"

"நம்ம குழாய்க்குள்ள அது இருக்கறதாலதான் ஆக்ஸிஜன் இவ்வளவு வேகமா போகுது."

"சரி, லுபர்ட். ஆனா உள்ளுக்குள்ள என்ன உணர்றே?"

"விரியுது. கோபால்ட் இருந்தா ரொம்ப விரியும்."

ஃப்ளூர் கண்களை மூடித் தலையாட்டி, மஞ்சள் ஒட்டுத்தாளில் 'லுபர்ட் விரிகிறான்' என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

அடுத்துத் தரையில் நாடா ஒட்டி, சுழியத்திலிருந்து முப்பதுவரை குறித்தாள். "மூளைய ஓரமா வைங்க. அந்தக் குழாய் எவ்வளவு விரியும்னு உங்க உடம்பு எங்க நிக்கச் சொல்லுதோ அங்க போய் நில்லுங்க."

நிதிப் பிரிவுத் தலைவர் ஏழில் போய் நின்றார். விரிவு என்பதே செலவு என்று அவர் உடம்பு சொன்னதாம். மக்கள் தொடர்பு அதிகாரி பன்னிரண்டில் நின்றாள். "எஃகு பாவம் அங்க தனியா நிக்குது" என்றாள். கூட்டாளி ஆய்வகத்தார் பதின்மூன்றில் கும்பலாக நின்றார்கள். டீடெரிக் எங்கும் நிற்காமல் நாடாவின் இருபக்கமும் உலாவினார். லுபர்ட் இருபதுக்குப் போனான். அங்கே வேறு யாரும் வரவில்லை. பக்கத்தில் அறையைச் சூடாக்கும் இரும்பு ரேடியேட்டர் மட்டும் இருந்தது.

"அங்க தனியா நிக்கறது எப்படியிருக்கு, லுபர்ட்?" என்று ஃப்ளூர் கேட்டாள்.

"சூடா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் முதல் சறுக்கல் என்று பிற்பாடு அவனுக்குத் தோன்றியது.

"லுபர்ட்டுக்காக யாரு ஒரு அடி முன்னாடி வைக்க முடியும்?" என்றாள் ஃப்ளூர். கூட்டாளி ஆய்வகத்தார் கூடிப் பேசி, பதின்மூன்றிலிருந்து பதினான்குக்கு நகர்ந்தார்கள். கைதட்டல். "பாரு, அவங்க உன்னைத் தேடி வந்துட்டாங்க. இப்ப நீ?"

அறையே அவனைப் பார்த்தது. காலுறை போட்ட இருபது ஜோடிக் கால்கள். அவனுக்குப் பொருளின் குணம் தெரியும். பீங்கான் யாரையும் தேடி வராது என்றும் தெரியும். ஆனால் மேசையில் வறுத்த இறைச்சி உருண்டைகள் ஆறிக்கொண்டிருந்தன, எல்லோருக்கும் பசி, ஒரு மனிதனால்தான் தாமதம் என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. லுபர்ட் ஒரு அடி வைத்தான். "இன்னும் கொஞ்சம்" என்றார்கள் அன்பாக. வைத்தான். பதினான்கில் போய் நின்றதும் யாரோ அவன் முதுகில் தட்டினார்கள்.

"பதினாலு!" என்றார் டீடெரிக், கண் கலங்க. "இது வெறும் எண் இல்ல. இதுல நாம எல்லாரும் இருக்கோம்."

தினேகே ஹுல்ஸ்போஸ் அந்த ஆண்டு வசந்தத்தில்தான் நிலையத்தில் சேர்ந்திருந்தாள். அதற்குமுன் பால் பண்ணை இயந்திரங்கள் செய்யும் கம்பெனியில் பொறியாளராக இருந்தவள். குழாய்களை எஃகுச் சட்டத்தில் பொருத்துவதும், கசியாமல் இரண்டு முனையையும் மூடுவதும் அவள் பொறுப்பு. பீங்கான் அவளுக்குப் புதிது. அதை மறைக்கவும் மாட்டாள். தற்காலிக ஒப்பந்தம் என்பதால் அவளைக் கூட்டத்துக்கு அழைக்கவில்லை.

மறுநாள் உணவுக்கூடத்தில் லுபர்ட்டின் எதிரே தட்டை வைத்து உட்கார்ந்தாள். அவன் முன்னால் ரொட்டிக்குள் வைத்த குரோக்கெட் என்ற பொரித்த இறைச்சி உருளை, ஒரு கோப்பை மோர்.

"லுபர்ட், இந்தப் பதினாலு உன் எண்தானே?"

"உடன்பாட்டு எண்."

"அது தெரியும்ப்பா. சரியான எண்ணான்னு கேக்கறேன்."

"கூட்டத்துல எல்லாரும் சேர்ந்து…"

"கூட்டத்த விடு. நீதானே அளந்தவன்? பதினாலுன்னா எஃகுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசமில்ல. ரெண்டு முனையையும் இறுக்கிப் புடிச்சிடலாம். இல்லன்னா ஒரு முனையில நெளிகுழாய் வச்சு, நீள இடம் விடணும். அதுக்குக் கேட்டா நிதிக்காரர் மூஞ்சிய தூக்கிப்பாரு. அதான் உன்கிட்ட கேக்கறேன். இறுக்கட்டுமா?"

லுபர்ட் குரோக்கெட்டைக் கடித்தான். உள்ளே கொதிக்கும் குழம்பு நாக்கைச் சுட்டுவிட்டதால் பேச முடியவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். உண்மையில் அது ஆறிப்போயிருந்தது. அவன் மென்றான். தலையை ஒரு பக்கமாக அசைத்தான். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், கழுத்துவலி என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"சரி, நீ சொன்னா சரி" என்று தினேகே எழுந்து போனாள்.

அவன் மோரைக் குடித்து முடித்தான். எழுந்து அவள் பின்னால் போக வேண்டும் என்று நினைத்தான். வழியில் காப்பி இயந்திரம் இருந்தது, அதைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். அன்றைக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. போகாத ஒவ்வொரு நாளும் போவதை இன்னும் கடினமாக்கியது.

ஒரே ஒரு குழாயை வைத்து முதல் சோதனை நடந்தது. அறுநூறு டிகிரியைத் தாண்டியதும் குழாயில் நீளவாட்டில் ஒரு விரிசல். ஆனால் ஆக்ஸிஜன் மானியின் முள் மளமளவென்று ஏறியது. முன்பு யாரும் பார்க்காத அளவு. குழாய் ஓட்டையானதால் வெறும் காற்றே உள்ளே புகுந்திருக்கிறது, காற்றில் ஆக்ஸிஜன் இருக்கத்தானே செய்யும். டீடெரிக் முள்ளைப் பார்த்தார். மக்கள் தொடர்பு அதிகாரியைப் பார்த்தார்.

"உலக சாதனை!" என்றாள் அவள்.

லுபர்ட் கையைத் தூக்கினான். "ஆக்ஸிஜன் மட்டும் வரல. நைட்ரஜனும் சேர்ந்து வருது."

நிதிப் பிரிவுத் தலைவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அந்த நாட்டில் நைட்ரஜன் என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்ல யாரும் விரும்பமாட்டார்கள். சாண எரு, காற்று மாசு, அரசு விதிகள் என்று பெரிய சண்டை. அந்தச் சொல் காதில் விழுந்தால் விவசாயிகள் டிராக்டர்களை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வந்துவிடுவார்கள்.

"லுபர்ட்," என்றார் டீடெரிக் கனிவாக, "சவ்வோட வேலை என்ன? விடறதுதானே. இப்ப முன்னவிட நல்லா விடுது. ஒரு வாயுவை மட்டும் உள்ள விட்டு இன்னொண்ண ஒதுக்கறது, யோசிச்சுப் பாரு, நம்ம நிலையத்தோட பண்புக்கு ஒத்துவருமா?"

அறிக்கையில் விரிசல் 'நீளவாட்டுத் திறப்பு' ஆயிற்று. தினேகே திறப்புக்குக் காரணம் கேட்டபோது, குழாய் சுட்ட தொகுதியில் ஏதோ குறை என்று அவளுக்குச் சொல்லப்பட்டது. சொன்னவர் டீடெரிக். பக்கத்தில் நின்றவன் லுபர்ட். தினேகே அவன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். அவன் சட்டைப் பையில் எதையோ தேடினான். பையில் எதுவும் இல்லை.

திறப்பு விழா செப்டம்பரில் வைத்தார்கள். ஆள் உயரச் சட்டத்தில் வரிசை வரிசையாகக் கறுப்புக் குழாய்கள், இரண்டு முனையும் இறுகப் பிடிக்கப்பட்டு, கண்ணாடிச் சாளரம் வைத்த உலைக்குள் நின்றன. அரசு சார்பில் இணை அமைச்சர் வந்தார். இளஞ்சிவப்புப் பாகு பூசிய பாலேட்டுப் பணியாரம் எல்லோருக்கும். அதைக் கத்தியால் வெட்டினால் பாலேடு நாலா பக்கமும் பிதுங்கும். அமைச்சர் அதோடு போராடிக்கொண்டிருக்க, டீடெரிக் மேடையேறினார். முந்தின நாளிலிருந்தே உலை மெதுவாகச் சூடேறிக்கொண்டிருந்தது. லுபர்ட் கடைசி வரிசையில் நின்று வெப்பமானியைப் பார்த்தான். அறுநூறை நெருங்கிக்கொண்டிருந்தது.

"நண்பர்களே, மற்ற நாடுகள்ல பொருள் என்ன செய்யும்னு விஞ்ஞானி சொல்றாரு. இங்க, பொருள் என்ன செய்யணும்னு நாம சேர்ந்து முடிவு செய்யறோம்" என்று டீடெரிக் ஆரம்பித்தார். "எங்ககிட்ட கருத்து வேறுபாடு இருந்துச்சு. மறைக்கல. ஒருத்தர் இருபதுன்னாரு. அவரோட பேசுனோம். இன்னிக்கு அவர் எங்ககூட பதினாலுல நிக்கறாரு. லுபர்ட், கைய தூக்குப்பா!"

லுபர்ட் கையைத் தூக்கினான். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். கையைத் தூக்கியபடியே அவன் மனத்துக்குள் கணக்குப் போட்டான். ஒரு மீட்டர்க் குழாய், தொள்ளாயிரம் டிகிரி. எஃகைவிட ஏழு மில்லிமீட்டர் கூடுதலாக நீள வேண்டும். நீள இடமில்லை.

டிங், என்று ஒரு சத்தம் கேட்டது.

தேக்கரண்டியைக் கோப்பையில் தட்டினாற்போல அழகான சத்தம். சிலர் யாரோ வாழ்த்துரைக்கு எழுகிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தார்கள். டிங், மறுபடி. டிங், டிங்.

டீடெரிக் ஒரு விரலை உயர்த்தினார். "கேக்குதா? இது உடையற சத்தமில்ல. ஒரு பொருள் தன்னோட எல்லைய தாண்டற சத்தம்."

"எவ்வளவு இனிமையா இருக்கு," என்றார் இணை அமைச்சர், மூக்கில் பாலேட்டோடு. "எங்க அமைச்சகத்துலயும் இப்படி ஒண்ணு வாங்கி வைக்கணும்."

டிங் டிங் டிங் என்று வரிசை முழுக்கப் பரவியது. சாளரத்துக்குள் குழாய்கள் ஒவ்வொன்றாக நெளிந்து முறிவது தெரிந்தது. அப்போது அந்தக் கூட்டத்தில் ஓடிய ஒரே ஆள் தினேகேதான். மேடையின் குறுக்கே பாய்ந்து, உலையின் சிவப்பு விசையை அமுக்கினாள். பத்திரிகைப் புகைப்படக்காரர் அதே கணத்தில் படமெடுத்தார். மறுநாள் நாளிதழில் படம் பெரிதாக வந்தது: பின்னால் உடைந்த குழாய்கள், விசையில் ஒரு பெண்ணின் கை, வாய் திறந்தபடி இயக்குநர். கீழே, 'யார் அணைத்தது?' என்று தலைப்பு.

நிலையத்தில் விசாரணை என்ற சொல் கிடையாது. 'கற்றல் வட்டம்' கூடியது. பாதிக்கப்பட்டவர் இருந்தால் மற்றவர்கள் மனம்விட்டுப் பேசமாட்டார்கள் என்பதால் தினேகேயை அழைக்கவில்லை. யாரையும் குற்றம் சொல்வதில்லை என்பது முதல் விதி. அது நுணுக்கமாகக் கடைப்பிடிக்கப்பட்டது. எண்ணின்மேல் குற்றமில்லை, அதில் எல்லோரும் இருந்தார்கள். குழாயின்மேல் குற்றமில்லை, அது முயன்றது. சுற்றிச் சுற்றி வந்து, குழாயின் முனைகளை மூடும் 'செயற்பாட்டுக்கு' ஆதரவுத் தளம் போதவில்லை என்று கண்டார்கள். அந்தப் பணியிடத்தை இனித் தொடர வேண்டாம் என்று முடிவானது.

"இது தினேகேய பத்தின முடிவு இல்ல," என்றார் டீடெரிக். "அவ உக்கார்ற நாற்காலிய பத்தின முடிவு. எல்லாருக்கும் சம்மதமா?"

கைகள் உயர்ந்தன. லுபர்ட்டின் கை தானாக முழங்கை வரை எழுந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு அருவருப்பாக இருந்தது, யாருடைய கையோ தன் தோளில் ஒட்டியிருப்பதுபோல. கையை இறக்கி, எழுந்து நின்றான்.

"அந்த எண் இருபது. எனக்கு அப்பவே தெரியும். பதினாலு பொய். தினேகே என்கிட்ட நேரா கேட்டா. நான் சாப்பிட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். தப்பு அவ மேல இல்ல. என் மேல."

ஃப்ளூர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒருவர் கைதட்டினார். இன்னொருவர். அறை முழுக்க எழுந்து நின்று தட்டியது. டீடெரிக் வந்து அவனைக் கட்டிக்கொண்டு, அந்த ஊர் வழக்கப்படி கன்னத்தில் மாறி மாறி மூன்று முத்தம் கொடுத்தார்.

"இதுக்காகத்தான் இந்த நிலையத்த கட்டினேன்" என்றார். "என்ன துணிச்சல்! நண்பர்களே, இனி ஒவ்வொரு காலாண்டும் ஒவ்வொருத்தரும் தான் மறைச்ச ஒரு எண்ண வட்டத்துல சொல்லணும். இதுக்கு 'லுபர்ட் தருணம்'னு பேர் வைக்கலாம். சம்மதமா?"

கைகள் உயர்ந்தன.

"அப்போ தினேகே?" என்றான் லுபர்ட்.

"தினேகேக்கு என்ன?"

"அவ வேல. குத்தம் என்னோடதுன்னு சொன்னேனே."

"குத்தம்னு யாரும் சொல்லலியே, லுபர்ட். அதுதானே முதல் விதி. அவ நாற்காலி பத்தி ஏற்கெனவே உடன்பாடு ஆயிடுச்சு. முடிஞ்ச உடன்பாட்ட ஒரு ஆளு எழுந்து கலைச்சா, அப்புறம் கடலுக்கு நாம என்ன பதில் சொல்றது?"

அடுத்த வாரம் அவனுக்கு ஆண்டின் துணிச்சல் விருது கொடுத்தார்கள். உடைந்த குழாயின் ஒரு துண்டை ஒளி ஊடுருவும் பலகையில் பொருத்தியிருந்தார்கள், அடியில் 'நேர்மை விரிகிறது' என்று பொறித்திருந்தார்கள். அவன் வாங்கமாட்டேன் என்று சொல்லத்தான் எழுந்தான். நடந்து போவதற்குள் கைதட்டல் ஆரம்பித்துவிட்டது. கை நீண்டது. வாங்கிக்கொண்டது. புகைப்படத்தில் அவன் புன்னகைத்துக்கொண்டிருந்தான். அந்தப் புன்னகையை அவன் எத்தனையோ தடவை பார்த்தான், அதில் ஒரு கோணல்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

விருதைக் கோட்டுக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஹெர்மீன் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அது?"

"துணிச்சலுக்குக் குடுத்தாங்க."

அவள் மசிப்பதை நிறுத்தி, பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?"

"வட்டத்துல சொன்னேன்."

"வட்டத்துல யாரு கேட்டா? அந்தப் பொண்ணுகிட்ட அவ மூஞ்சிய பாத்துச் சொன்னியான்னு கேக்கறேன்."

ஹெர்மீன் பலகையைக் கொண்டுபோய்க் கொல்லையில், சைக்கிள் கொட்டகைக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக்கொடுத்து வைத்தாள். இரவுச் சாப்பாட்டில் அவன் மெல்லும் சத்தம் அவனுக்கே கேட்டது.

சனிக்கிழமை காலை அவன் தினேகே வீட்டுக்குப் போனான். முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் வீட்டு மணியை அடிப்பது அந்த ஊரில் பெரிய மரியாதைக்கேடு. பிறந்தநாளுக்கே பத்து நாள் முன்பு கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அடிக்காமல் திரும்பிவிடலாமா என்று வாசலில் நின்று யோசித்தான். கதவு திறந்துதான் கிடந்தது. வெளியே ஒரு வாடகை வண்டி, அதில் பாதி சாமான் ஏறியிருந்தது. தினேகே தலையில் துணி கட்டி, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அடடா, துணிச்சல்காரர் வந்திருக்காரு," என்றாள். "கோப்பை எங்க? எடுத்துட்டு வரலியா?"

"கோப்பை இல்ல. பலகை."

"பலகையா. பரவால்ல, அலமாரிக்கு அடில வைக்க ஆகும்." பெட்டியை வண்டிக்குள் தள்ளினாள். "வடக்க, லேயுவார்டன் ஊருக்குப் போறேன். பாலாடைக்கட்டி ஆலையில வேல. பால் கொதிக்கறப்போ ஏதாவது விரிஞ்சா அங்க எல்லாருக்கும் கண்ணுல தெரியும்."

"தினேகே, நான் வந்தது…"

"ம்?"

வரும் வழியெல்லாம் தயார் செய்த வாக்கியங்கள் இருந்தன. அந்தச் சூழ்நிலையில், கூட்டத்தின் அழுத்தத்தில், என்று ஆரம்பிப்பவை. எல்லாமே நிலையத்தில் பேசுகிற பேச்சாகவே இருந்தன. அவற்றை வாயில் வைத்துப் பார்த்து, விழுங்கினான்.

"இருபது" என்றான்.

அவள் கைகளைத் துடைத்தபடி அவனைப் பார்த்தாள்.

"நீ கேட்டியே, உணவுக்கூடத்துல. அது இருபது. எனக்குத் தெரியும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"ஒரு வார்த்தை," என்றாள் தினேகே. குரலில் கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். "வாய்ல ரொட்டியோடகூட சொல்லியிருக்கலாம். எனக்குப் புரிஞ்சிருக்கும்."

அவன் தன் காலணிகளைப் பார்த்தான். தெருவில் ஒரு சைக்கிள் போனது.

"சும்மா நிக்கறதுக்குப் பதிலா மாடிக்கு வா," என்றாள் அவள். "துணி அலமாரி ஒண்ணு இருக்கு. என் தங்கச்சி வர்றதா சொன்னா, இன்னும் காணோம்."

அந்த ஊர் வீடுகளின் மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தானது, நடுவில் ஒரு திருப்பம். அலமாரி பழைய தேக்கு, இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. தினேகே கீழ்முனையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினாள். லுபர்ட் மேல்முனையில். திருப்பத்தில் அலமாரி சுவரில் சிக்கியது. முழுப் பாரமும் அவள் மேல் சாய்ந்தது. அவள் முகம் பலகைக்குப் பின்னால் மறைந்துபோனது.

"எந்தப் பக்கம்?" என்றாள் கீழிருந்து. "எனக்கு ஒண்ணும் தெரியல. எந்தப் பக்கம் திருப்பணும்?"

லுபர்ட்டுக்கு மேலேயிருந்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அவன் வாய் திறந்ததும் வந்தது இதுதான்:

"உனக்கு எப்படித் தோணுது?"

அலமாரி அரை அங்குலம் வழுக்கியது.

"லுபர்ட்!" என்று கத்தினாள். "எனக்குத் தோணறதுக்கு இங்க என்னய்யா இருக்கு? என் மூக்கு மேல மரம் இருக்கு! பாக்கறவன் நீ! சொல்லித் தொலை!"

அவன் பலகையில் கன்னத்தை அழுத்திக்கொண்டு, எட்டிப் பார்த்தான்.

"இடது," என்றான். மறுபடி, உரக்க: "இடது பக்கம். இன்னும். இன்னும் கொஞ்சம். நிறுத்து. இப்ப இறங்கு."

அலமாரி சுவரை உரசிக்கொண்டு திரும்பியது. ஒரு படி, இன்னொரு படி. கடைசியில் அதன் கால்கள் கூடத்துத் தரையில் தட்டின. தினேகே பின்னாலிருந்து வெளியே வந்தாள். நெற்றியில் மரத்தின் சிவந்த தடம். அவள் நன்றி சொல்லவில்லை, சிரிக்கவுமில்லை. இடுப்பில் கை வைத்து மூச்சை வாங்கிக்கொண்டு, மாடியைக் காட்டினாள்.

"அடுத்தது துணி துவைக்கற மெஷின்" என்றாள்.

லுபர்ட் படியேறினான்.